ஃபைட்டர் மீனும் குள்ளத் தவளையும் ஒரே தொட்டியில்: மதுரை வெயிலுக்கு ஏற்ற செய்முறை

ஃபைட்டரோடு தவளையை விட்டால் இரண்டும் சண்டை போடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. பட்டினியும் மே மாத வெயிலும்தான் இந்தத் தொட்டியில் உயிரை வாங்குபவை.

1. முன்னங்காலைப் பார்த்து வாங்குங்கள்

நமக்கு வேண்டியது ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. சுமார் 4 செ.மீ. வளரும், முன்னங்கால் விரல்களுக்கு நடுவிலும் சவ்வு இருக்கும். விரல்கள் சவ்வில்லாமல் தனித்தனியாகத் தெரிந்தால் அது நகத் தவளை. குட்டியில் இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் நகத் தவளை 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்து ஃபைட்டரையே விழுங்கிவிடும். வெள்ளை உடம்பு, சிவப்புக் கண் என்றால் அநேகமாக அதுதான், வாங்காதீர்கள்.

2. தொட்டி

2 × 1 × 1 அடித் தொட்டியில் 25 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் சுமார் 45 லிட்டர். ஒரு ஆண் ஃபைட்டர், மூன்று தவளை, அவ்வளவுதான். இரண்டுமே மேலே வந்து மூச்சு விடுபவை. அதனால் ஆழம் கூடாது, மேலே காற்றுக்கு இடமும் வேண்டும். கொசுவலை அடித்த மூடி கட்டாயம், இரண்டுமே குதிக்கும். அடியில் மெல்லிய மணல் போடுங்கள். சின்னக் கூழாங்கல் போட்டால் தவளை இரையோடு சேர்த்து விழுங்கும். ஃபில்டர் ஸ்பான்ஞ் வகையாக இருக்கட்டும்.

கார்ப்பரேஷன் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் விட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். 4 முதல் 6 வாரத்தில், கழிவிலிருந்து வரும் விஷங்களான அமோனியா, நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் 0 காட்டும். அதற்கு முன் எதையும் விடாதீர்கள்.

3. சாப்பாடு: சிரட்டையும் அகலும்

தவளைக்குக் கண் மந்தம்; மோப்பம் பிடித்துத்தான் இரையைத் தேடும். அது வந்து சேர்வதற்குள் ஃபைட்டர் எல்லாவற்றையும் தின்று வயிறு உப்பிக் கிடக்கும், தவளை மெலிந்துகொண்டே போகும்.

தேங்காயில் கண் உள்ள பாதிச் சிரட்டையை எடுத்து, பருப்பைச் சுரண்டிக் கொதிக்க வைத்துக் கழுவுங்கள். மென்மையான கண்ணைக் குத்தித் திறந்து, விளிம்பில் தவளை தாராளமாகப் போய்வர 3 செ.மீ. வாசல் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். இல்லாவிட்டால் ஃபைட்டரின் வால் கிழியும். எண்ணெய் படாத புது அகல் ஒன்றை மணலில் வைத்து, அதன்மேல் சிரட்டையைக் கவிழுங்கள்.

முதலில் சிரட்டைக்கு எதிர் மூலையில் ஃபைட்டருக்கு 3, 4 உருண்டைத் தீனி. அது தின்னும்போதே, உறையவைத்து விற்கும் ப்ளட்வார்மை (சிவப்புப் புழு) கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஏர் டியூப் மாட்டி, சிரட்டைக் கண் வழியாக அகலுக்குள் விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அரைமணி கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் வைத்துவந்தால் தவளைகளே அங்கே வந்து காத்திருக்கப் பழகிவிடும்.

4. வெயில்

இருவருக்கும் பொதுவான சூடு 25–27 டிகிரி. சித்திரையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் தொட்டி வைத்தால் தண்ணீர் 30-ஐச் சுலபமாகத் தாண்டும். கீழ்த்தளத்தில் வைத்து, தண்ணீர்ப் பரப்பில் சின்ன ஃபேன் அடிக்கவிடுங்கள். போதாவிட்டால் உறையவைத்த அரை லிட்டர் பாட்டிலை மிதக்கவிடலாம், ஒரேயடியாகக் குளிரவிடாதீர்கள். ஃபேன் காற்றில் வற்றும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். நம்மூர் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

5. மருந்து

தவளை வெள்ளையாகத் தோல் உரித்தால் பூஞ்சை என்று பதறாதீர்கள், உரித்ததை அதுவே தின்றுவிடும். ஃபைட்டருக்கு நோய் வந்தால் அதைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள். கல்லுப்பும் செம்பு கலந்த மருந்தும் தவளையின் தோல் வழியே உடம்புக்குள் இறங்கிவிடும்.