ஓதம் சுவரிலிருந்தா, காற்றிலிருந்தா?

ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய வீட்டில் சுவர் ஓதம் அடித்தால், மேஸ்திரியைக் கூப்பிடும் முன் சமையலறை அலுமினிய ஃபாயிலில் ஒரு அடி சதுரம் வெட்டுங்கள். சுவரைத் துடைத்துவிட்டு நான்கு ஓரமும் டேப் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள்.

ஃபாயிலின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால், அறையின் ஈரக் காற்றுதான் குளிர்ந்த சுவரில் படிகிறது. சமையல், வெந்நீர் ஆவி வெளியேற வழி செய்து, துணியை உள்ளே உலர்த்தாமல் இருந்தாலே பெருமளவு குறையும். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. பெரும்பாலும் பின்பக்கச் சரிவு மண் சுவரில் சாய்ந்திருக்கும், அல்லது கூரைத் தண்ணீர் விழும் கால்வாய் அடைத்திருக்கும். மண்வெட்டி வேலைதான், பெரிய செலவில்லை.

எதுவானாலும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு சிமெண்ட் பூச மட்டும் சம்மதிக்காதீர்கள். மேலே பளிச்சென்று இருக்கும், ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லையும் காரையையும் அரிக்கும்.

காரை பொடிப்பொடியாக உதிரும் சுவரில் டேப் நிற்காது, அங்கே இது உதவாது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு கோளாறும் உண்டு. வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், மழை மாதத்தில் இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள்.