மீட்டிங்கில் தலையாட்டினால் மட்டும் போதாது

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையிலோ கடலூர் சிப்காட்டிலோ ஆர்டர் கேட்டுப் போகிறீர்களா, முதலில் உங்கள் தலையைக் கவனியுங்கள். நாம் தலையைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் அது 'சரி'யாகவும் இருக்கும், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றும் இருக்கும், சில நேரம் வெறும் 'பார்க்கலாம்'தான், நமக்குள் அது புரிந்துவிடும், ஆனால் எதிரே பிரான்சிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். அதனால் 'சரி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறோம்' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். விலை பேசும்போது இது ரொம்ப முக்கியம்.

பெண் அதிகாரி என்றால் அவர் கை நீட்டும்வரை பொறுங்கள், வணக்கமே போதும். விசிட்டிங் கார்டை வலது கையால் கொடுங்கள், வாங்கியதை ஒருமுறை படித்துவிட்டுப் பையில் வையுங்கள்.

புதுச்சேரி நேரு வீதியில் குடும்பமாக நடத்தும் பழைய கடைகளுக்குப் போனால், பெரியவர் முன்னால் கால் மேல் கால் போடாதீர்கள். அதற்காக நாற்காலி நுனியில் கூனிக் குறுகி உட்காரவும் வேண்டாம், கேட்கும் விலையில் உங்களுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரித் தெரியும். முதுகைச் சாய்த்து, இரண்டு கையும் மேசைமேல் தெரிய உட்காருங்கள், போனைக் கவிழ்த்து வைக்காமல் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம், பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்று யாராவது வகுப்பெடுத்தால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கு உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது, அவை பேசுபவரின் விருப்பு வெறுப்பை எப்படி உணர்கிறோம் என்பதைப் பற்றியவை மட்டுமே. கொட்டேஷனில் எண்தான் பேசும், அதைச் சரியாகப் போடுங்கள்.