நெற்றி முழங்காலைத் தொடாவிட்டால் குடி முழுகிவிடாது

வீடியோ பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம் செய்யப் போய், நெற்றி முழங்காலைத் தொட்டே ஆகவேண்டும் என்று விரல்களைப் பிடித்து இழுத்து, மறுநாள் காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் நின்றவன் நான். வளைய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வளைந்ததுதான் தப்பு.

அந்த ஆசனத்தில் மடங்க வேண்டியது இடுப்பு மூட்டு. தொடையின் பின்பக்கத் தசைகள், உட்காரும்போது தரையில் அழுந்துமே, அந்த இரண்டு எலும்புகளில் போய்ப் பிடித்திருக்கின்றன. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்களுக்கு அவை இறுகிக் கிடக்கும். காலை நீட்டியதுமே இடுப்பைப் பின்னால் சாய்த்துவிடும். அப்புறம் எவ்வளவு குனிந்தாலும் கீழ்முதுகுதான் கூன் போடும், பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. இரண்டு போர்வைகளை நாலு விரல் உயரத்துக்கு மடித்துப் போட்டு, அதன் விளிம்பில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் பிரயோசனமில்லை. இடுப்பு முன்பக்கம் சாயத்தான் இந்த உயரமே.

2. காலை நீட்டி, முழங்காலை லேசாக மடக்கி, கீழே தலையணை வையுங்கள்.

3. ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு முனைகளையும் பிடியுங்கள். டர்க்கி டவல் தடிமனாக இருக்கும், பழைய ஈரிழைத் துண்டு போதும். பிடிக்கத்தான் அது, இழுக்க அல்ல.

4. மூச்சை இழுக்கும்போது நெஞ்சை நிமிர்த்துங்கள். விடும்போது தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோங்கள். நெற்றியை மறந்துவிடுங்கள். ஒரு கையால் கீழ்முதுகைத் தடவிப் பாருங்கள். முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து, அங்கேயே ஐந்து மூச்சு இருங்கள்.

தொடையின் நடுவில் இழுத்தால் நல்லது. உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் சுரீரென்றால் விட்டுவிடுங்கள். ஷாக் அடித்த மாதிரி கால் வழியே கீழே ஓடினால் அது தசையல்ல, நரம்பு; டாக்டரிடம் காட்டாமல் மறுபடி முயல வேண்டாம்.

இப்படி முட்டுக் கொடுத்துச் செய்வது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். புனேயில் யோகா குரு பி.கே.எஸ். ஐயங்கார் கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி எல்லாவற்றையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கெதற்கு?

பத்மாசனத்திலும் இதே கதைதான். கால் திரும்ப வேண்டியது இடுப்பில். முழங்கால் பெரும்பாலும் கதவுக்கீல் மாதிரி, மடங்கி நீளும், முறுக்கினால் தாங்காது. கெண்டைக்காலை இரண்டு கைகளிலும் குழந்தையை ஏந்துவதுபோல் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். அதற்கே முழங்கால் வலித்தால் பத்மாசனம் இப்போதைக்கு வேண்டாம். சுகாசனத்தில், அதாவது சாதாரணச் சம்மணத்தில் உட்காருங்கள், முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்வாக வரும்வரை போர்வையை ஏற்றிக்கொண்டே போங்கள். எனக்கு மூன்று தேவைப்பட்டன.

தோளில் நின்று கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்தை மட்டும் தனியாக முயலவே வேண்டாம் என்பேன். உடம்பின் பாரம் மடங்கிய கழுத்தில் இறங்கினால் விளையாட்டல்ல. அதற்குப் பதில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே திரும்பி மல்லாந்து, கால்களைச் சுவரில் ஏற்றிச் சாய்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தொடை இழுத்தால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் படுங்கள். கிளாக்கோமா என்ற கண் நோயோ கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதற்குக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

இறங்கும்போது சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முழங்காலை மடக்கி, வலப்பக்கம் ஒருக்களித்து, பத்து மூச்சு அப்படியே கிடந்துவிட்டுக் கையை ஊன்றி எழுந்திருங்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் இருக்கிறதே என்று அதைப் பிடித்து எழாதீர்கள், டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும்.