கொழும்பில் ஒரு சனி ஞாயிறு: இலக்கம் பார்த்துத் திட்டம் போடுவோம்

கொழும்பைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக முதலில் ஒரு பட்டியல் எழுதுவார்கள். தெகிவளை மிருகக்காட்சிசாலை, கொச்சிக்கடைக் கோயில், தாமரைக் கோபுரம், நூதனசாலை (அருங்காட்சியகம்), காலிமுகத்திடல், கங்காராமை விகாரை, கல்கிசைக் கடற்கரை. பிறகு எழுதிய ஒழுங்கிலேயே ஓடத் தொடங்குவார்கள். காலையில் தெகிவளை, பத்து மணிக்குக் கொச்சிக்கடை, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் வெள்ளவத்தை. வரைபடத்தில் எல்லாம் கிட்டத்தான். காலி வீதி நெரிசலில் ஓட்டோவுக்குள் வியர்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் தூரம் தெரியவரும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி, ரொறன்ரோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தாலும் சரி, கையில் இரண்டு நாள் இருக்கிறது, நகரம் புதிது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முதலில் கலண்டர்

நீங்கள் நினைத்திருக்கும் சனி அல்லது ஞாயிறு போயா தினமா என்று பாருங்கள். பௌர்ணமி நாளில் நாடு முழுக்க விடுமுறை. மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு, பல அரச இடங்களும் பூட்டு. விகாரைகளைப் பார்க்க அது நல்ல நாள்தான், ஆனால் முதல் முறை வருகிறவருக்கு அது வேண்டாம். பெப்ரவரிப் போயாவை ஒட்டிக் கங்காராமையில் நவம் பெரஹரா என்ற ஊர்வலம் நடக்கும். அதைப் பார்க்கவே வந்தால் சரி. மற்றபடி அந்தப் பக்கத்து வீதிகளை மூடிவிடுவார்கள், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று: புறக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. ஆகவே புறக்கோட்டை எப்போதும் சனிக்கிழமைக்குத்தான். இந்த ஒரு முடிவை எடுத்தாலே திட்டத்தின் பாதி தானாக அமைந்துவிடும்.

படி 2: இடத்துக்குப் பக்கத்தில் இலக்கத்தை எழுதுங்கள்

கொழும்பு மாநகரம் 15 தபால் வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. கடை விலாசத்தின் கடைசியில் வரும் ‘கொழும்பு 6’, ‘கொழும்பு 13’ எல்லாம் அதுதான். கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6. இவை வடக்கிலிருந்து தெற்கே வரிசையாக வருகின்றன. கறுவாத்தோட்டம் 7, உள்பக்கம். புறக்கோட்டை 11, கொச்சிக்கடையும் சேர்ந்த கொட்டாஞ்சேனை 13, இரண்டும் கோட்டைக்கு வடகிழக்கே ஒட்டிக்கொண்டு இருக்கின்றன.

உங்கள் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் இந்த இலக்கத்தை எழுதினால் மூன்று கொத்துகள் தெரியும்: 13, 11, 1 ஒரு கொத்து. 7, 2 ஒரு கொத்து. 3, 4, 6 ஒரு கொத்து. விதி ஒன்றே ஒன்றுதான்: அரை நாளுக்குள் ஒரு கொத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவக் கூடாது. தெகிவளையும் கல்கிசையும் இந்த இலக்கங்களுக்கு வெளியே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் கூட வந்து மிருகக்காட்சிசாலை வேண்டும் என்று அழுதால் ஒழிய, இந்த முறை அவற்றை விட்டுவிடுங்கள்.

படி 3: தங்குமிடம்

என் தெரிவு வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் பல அங்கேயே இறக்கிவிடும், சைவக்கடை கூப்பிடு தூரத்தில், தமிழில் பேசியே காலந்தள்ளலாம். காலி வீதிக்கும் மரைன் ட்ரைவுக்கும் இடையில் இருக்கும் ஒழுங்கைகளில் லொட்ஜுகளும் நாள் வாடகை வீடுகளும் நிறைய உண்டு. பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அதிகாலை பஸ்ஸில் வந்தால் பையை வைத்துக் குளிக்க விடுவார்களா? அறை கடற்கரைப் பக்கமா, உள்பக்கமா? கடல் தெரிகிற அறை என்றால் ரெயில் பாதையும் தெரியும். விடிய முன்னமே முதல் ரெயில் உங்களை எழுப்பிவிடும்.

படி 4: போக்குவரத்து

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரெயில் நல்லது. இருபது நிமிடம் போல எடுக்கும், காசு மிகக் குறைவு. கோட்டைக்குப் போகும்போது இடப்பக்கம் நில்லுங்கள், கொள்ளுப்பிட்டி வரைக்கும் கடல் கூடவே வரும். வார இறுதியில் ரெயில் குறைவு, நேரத்தை முதல் நாளே பாருங்கள். காலி வீதி வழியே புறக்கோட்டைக்கு 100, 101 இலக்க பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டோவுக்கு பிக்மி அல்லது ஊபர் செயலியைப் போட்டு வையுங்கள். வீதியில் மறித்தால் ஏறமுன், “அண்ணே, மீட்டர் போடுவீங்களா?” என்று கேளுங்கள். தலையை ஆட்டிவிட்டு விலை சொன்னால் அடுத்த ஓட்டோவைப் பாருங்கள், பஞ்சமே இல்லை.

படி 5: சனிக்கிழமை, வடக்கிலிருந்து தெற்காக நடங்கள்

பலர் கோட்டை ரெயில் நிலையத்தில் இறங்கி வடக்கே நடப்பார்கள். கொச்சிக்கடைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானமாகிவிடும், கோயில் பூட்டியிருக்கும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். காலை எட்டு மணிக்கு ஓட்டோவில் நேரே கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில் இறங்குங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தன் தந்தையார் எழுப்பிய கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். கொழும்பில் வேறு கோயில்களில் பார்க்கும் வர்ணப் பூச்சு இங்கே இல்லை. உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அப்புறம் தூண் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கத்தான் அந்தக் கல் அழகு. அவசரப்பட வேண்டாம்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித அந்தோனியார் தேவாலயம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் பலர் உயிரிழந்த இடம். சில வாரங்களில் திருத்தி மீண்டும் திறந்தார்கள். சைவர், பௌத்தர் எல்லாரும் மெழுகுதிரி ஏற்றுவார்கள். செவ்வாய்க்கிழமை கால் வைக்க இடமிருக்காது, சனிக்கிழமை ஆறுதலாக நிற்கலாம்.

பத்து மணிபோல செட்டியார் தெருவுக்கு வாருங்கள். நகைக்கடைகள் அப்போதுதான் திறந்து சுறுசுறுப்பாக இருக்கும். பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டும் இந்தத் தெருவில்தான். ஆடிவேல் விழாவுக்கு வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போவது இங்கிருந்துதான். வாசிக்கிறவர்கள் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குள் ஒரு நடை போய் வாருங்கள். வாங்குவது என்றால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள், மிச்ச நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டை இந்தத் தெருவிலேயே ஒரு சைவக்கடையில் முடியுங்கள். புதியவர்களுக்கு ஒரு தகவல்: பல கடைகளில் நீங்கள் கேட்காமலே வடை, ரோல்ஸ் அடுக்கிய தட்டொன்றை மேசையில் வைத்துவிடுவார்கள். பதற வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. வெளிநாட்டு நண்பர் கூட வந்தால் இதை முதலே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் மரியாதைக்காகத் தட்டைக் காலி பண்ணிவிடுவார்.

சாப்பிட்டபின் புறக்கோட்டை. குறுக்குத் தெருக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபார மளிகை, கேபோஸ் ஒழுங்கையில் மருந்து மூலிகை. நாலாம் குறுக்குத் தெருவில் நிற்கும்போது பின்னால் கவனம். மூட்டை சுமக்கிற நாட்டாமைமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் நிற்க மாட்டார்கள், நீங்கள்தான் விலக வேண்டும். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல் இருக்கிறது. 1908இல் கட்டத் தொடங்கியது. தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் உள்ளே விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், பெண்களுக்கு முக்காடும் வேண்டும். காலையில் உடுக்கும்போதே இதை நினைத்து உடுத்தால் ஒரே உடுப்பில் கோயில், தேவாலயம், பள்ளி மூன்றுக்கும் போகலாம்.

மூன்று மணிக்குக் கால் நோகத் தொடங்கும். கோட்டைப் பக்கம் வந்து, 17ஆம் நூற்றாண்டுக் கட்டிடமான பழைய டச்சு ஆஸ்பத்திரியின் முற்றத்தில் குளிராக ஏதாவது குடியுங்கள். நண்டுக்குப் பேர்போன மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் இங்கேதான். முன்கூட்டியே மேசை பதிவு செய்யாமல் போக வேண்டாம், பணப்பையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். சதாம் வீதியில் 1857இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம் நடுவீதியில் நிற்கும். பிறகு அதையே வெளிச்சவீடாகவும் பாவித்தார்கள்.

ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1859இல் நடைபாதையாக அமைத்த திடல். அரசுக்கு எதிரான 2022 போராட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இடம் தெரிந்ததுபோல இருக்கும். சூரியன் ஆறு, ஆறரைக்குள் கடலில் விழும். இறால் வடையை வாங்கும்போது அடுக்கி வைத்திருக்கிற வண்டியைக் கடந்து, அந்த நேரத்தில் பொரித்துக்கொண்டு இருக்கிற வண்டிக்குப் போங்கள். பெரிய தட்டைப் பருப்பு வடை, மேலே தோலோடு முழு இறால்கள், அதன் மேல் வெங்காயமும் உறைப்புச் சம்பலும். ஆறினால் அது வேறு சாமான்.

இரவு சாப்பாட்டுக்கு அதிக யோசனை வேண்டாம். கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸ் கடையில் கொத்து ரொட்டி. போய்ப் படுங்கள்.

படி 6: ஞாயிற்றுக்கிழமை, நூதனசாலைக்கு நேரம் கொடுங்கள்

இந்த நாளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையைச் சொல்வேன். 1877இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் திறந்தது. காலை 9 மணிக்குப் போய்விடுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும், உள்நாட்டவருக்குக் கட்டணம் வேறு. பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த செப்புத் திருமேனிகள் இங்கே இருக்கின்றன. கண்டி அரசர்களின் சிம்மாசனமும் இருக்கிறது. டச்சுக்காரர் 1693இல் கொடுத்தது, கடைசியாக அதில் அமர்ந்தவர் நாயக்கர் வழிவந்த ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய், 1934இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

பலர் தவறவிடுவது ஒரு கல்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த காலி மும்மொழிக் கல்வெட்டு. 1409இல் பொறித்தது. மேலே இரண்டு டிராகன்கள் முகம் பார்த்து நிற்கும். கீழே சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட தெனவரை நாயினாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்ததைத்தான் கண்டெடுத்தார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எழுத்து கொஞ்சம் தெளியும், தமிழ் எழுத்துகளை ஒன்றிரண்டாவது கூட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

வெளியே வந்தால் விகாரமகாதேவிப் பூங்கா, நிழல் நிறைய. மத்தியானத்துக்கு லம்ப்ரைஸ் சாப்பிட்டுப் பார்க்கலாம்: வடிசாறில் வெந்த சோறு, இறைச்சிக்கறி, கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், காய்ந்த இறால் அரைத்த பிளாச்சன் எல்லாவற்றையும் வாழையிலையில் பொதி செய்து ஓவன் அடுப்பில் வைத்து எடுப்பது. தும்முல்லைக்குக் கிட்ட பறங்கியர் சங்கமான டச்சு பேகர் யூனியன் இதற்குப் பெயர் பெற்றது. ஞாயிறு கிடைக்குமா என்று அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பம்பலப்பிட்டிப் பக்கம் போனால் தோசைக்குக் குறைவில்லை.

வெயில் தணிந்த பிறகு கங்காராமை விகாரை. பேர வாவியில் மிதப்பதுபோல இருக்கிற சீமா மாலகையை வடிவமைத்தவர் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. தாமரைக் கோபுரம் விருப்பம் என்றால் இப்போது ஏறலாம். ஏறத்தாழ 350 மீட்டர் உயரம், 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி மழை வரும். வானம் கறுத்தால் கோபுரத்தை மறந்துவிடுங்கள், மேலே போனாலும் வெள்ளைப் புகைதான் தெரியும்.

படி 7: திரும்பும் இரவு

ஆறு மணிக்கு வெள்ளவத்தைக்கு வந்துவிடுங்கள். மரைன் ட்ரைவில் ஒடியற்கூழ் விற்கிற கடையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் கொழும்பில் கூழ் குடிப்பது ஏன் என்று நான் கேட்க மாட்டேன். இடியப்பமும் சொதியும் வயிற்றுக்கு நல்லது, பஸ் இருக்கையில் தூங்கவும் லேசாக இருக்கும். ஞாயிறு இரவு பஸ்ஸில் இடம் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம், வெள்ளிக்கிழமையே பதிவு செய்துவிடுங்கள். பஸ் எந்தச் சந்தியில், எந்தக் கடைக்கு முன்னால் நிற்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘வெள்ளவத்தை’ என்று மட்டும் சொன்னால் காலி வீதி முழுக்கத் தேட வேண்டிவரும்.