டாக்டரிடம் ‘ஞாபக மறதி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

ஃபிட்ஸுக்கு, அதாவது வலிப்புக்கு, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நியூரோ ஓ.பி.யில் (நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில்) போய் "ஞாபக மறதியா இருக்கு டாக்டர்" என்றால், "டென்ஷன் ஆகாதீங்க, மாத்திரையை விடாம போடுங்க" என்று பதில் வரும். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்து நிற்கும். டாக்டரைச் சொல்லிக் குற்றமில்லை. மறதி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நாலைந்து சமாசாரம் கலந்து கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பிரித்துச் சொன்னால்தான் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

எனக்கு வலிப்பு கிளம்புவது மூளையின் இடது டெம்போரல் லோபில், அதாவது காதை ஒட்டிய பகுதியில். பெரம்பூரில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு கை நீளம் மறந்தால் கையிலிருந்து காசு போகும், அதனால் இதை நன்றாகவே நோண்டி வைத்திருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, விஷயம் மறந்துபோனதா, உள்ளே பதியவே இல்லையா என்று. கீழே விழுந்து கை கால் வெட்டி இழுத்தால்தான் ஃபிட்ஸ் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். சிலருக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் வெறித்த பார்வை, வாயைச் சப்புக்கொட்டுவது, கையில் இருப்பதைத் தடவிக்கொண்டே இருப்பது, அவ்வளவுதான். வந்தது அவர்களுக்கே தெரியாது. என் கடைப் பெண் ஒரு தடவை, "அக்கா, அந்தம்மா பின்னாடி கொக்கி வேணும்னு சொன்னப்ப நீங்க லைனிங் துணியைத் தடவிட்டே நின்னீங்க, நான் கூப்பிட்டும் திரும்பல" என்றாள். அந்த நேரம் மூளை எதையும் பதியவில்லை. பதியாததை எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. ஆகவே இதை நீங்களே கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். கூட இருப்பவரிடம் சொல்லி வையுங்கள், முடிந்தால் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாம் வாயால் விவரிப்பதைவிட அந்த வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

தூக்கத்தில் வரும் ஃபிட்ஸும் இதே கணக்குதான். காலையில் நாக்கு கடிபட்டிருக்கிறதா, உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பகலில் கற்றதை மூளை ராத்திரி தூக்கத்தில் உறுதிப்படுத்துகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க மந்தம்தான்.

அடுத்தது, தெரிந்த வார்த்தை வாய்க்கு வராதது. பாபின் கையிலேயே இருக்கும், "அதான்டி, கீழ நூல் சுத்துவோமே, அது" என்பேன். டெம்போரல் லோபின் உட்புறம் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி, பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருக்குமாம். புது விஷயங்களை நினைவில் ஏற்றுவது அதன் வேலை. பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம் பாதித்தால் பெயர், வார்த்தை, காதால் கேட்டது நழுவும். வலது பக்கம் என்றால் முகமும் வழியும் குழம்பலாம். ஹிப்போகாம்பஸின் வேலையைக் கண்டுபிடிக்க உதவியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். வலிப்பை நிறுத்த 1953இல் அவருக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் ஒரு பெரிய பகுதியை அறுத்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008இல் இறக்கும் வரை புதிதாகச் சந்தித்த ஒருவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. அப்படியும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைகிற வேலையை அவர் கை பழகிக்கொண்டது, பழகியதுதான் அவருக்கு ஞாபகமில்லை. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர் மறந்த நாளிலும் என் கத்திரி, கப் வைத்துத் தைக்கும் கட்டோரி பிளவுஸைத் தடுமாறாமல் வெட்டுவது அதனால்தான்.

மூன்றாவது காரணம், ஃபிட்ஸுக்குப் போடும் மாத்திரையே. டோபிராமேட் பலருக்கு வார்த்தையைத் தடுமாற வைக்கும், யோசனையை மெதுவாக்கும். ஃபீனோபார்பிட்டோன் தூக்கமும் மந்தமும் தரும். ஃபெனிடாயின் ரத்தத்தில் கூடிப்போனால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். கார்பமாசெபின் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், அதுவும் மந்தமாக்கும். லெவெடிராசிட்டம் சிலரை எரிந்து விழ வைக்கும். வால்ப்ரோயேட்டில் கை நடுங்கலாம், ஊசியில் நூல் கோக்கிறவளுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்தால் மந்தமும் கூடலாம். அதனால் மறதி எப்போது கூடியது, டோஸ் எப்போது ஏறியது என்று தேதி போட்டு வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த மட்டும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு இவையும் மறதியாகத்தான் வெளியே தெரியும். ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். மனச்சோர்வை வெட்கப்படாமல் சொல்லுங்கள், வலிப்பு உள்ளவர்களிடம் அது சகஜம்.

இதையெல்லாம் பிரிக்க ஒரு நோட்டு போதும். நான் எழுதுவது இப்படி: "செவ்வாய் மதியம். கஸ்டமர் சொன்ன கை நீளம் ஞாபகம் இல்லை. ராத்திரி தூக்கம் சரியில்லை. காலை மாத்திரை போட்டேன். கடைப் பெண் பார்த்தாள், வெறித்துப் பார்த்தேனாம்." ஓ.பி.யில் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள். தூக்கத்தோடு சேர்த்து இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுப்பதா, மருந்தை மாற்றுவதா, நியூரோசைக்காலஜி டெஸ்டுக்கு அனுப்புவதா என்று அவர் முடிவு செய்ய இது உதவும். அந்த டெஸ்டில் வார்த்தைப் பட்டியல் படித்துக் காட்டி அரை மணி கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், படம் வரையச் சொல்வார்கள். ஃபிட்ஸ் வந்த மறுநாள் போகாதீர்கள், முடிவு சரியாக வராது. இன்னொன்று: சிலருக்கு அரை மணி வரை எல்லாம் நினைவில் நிற்கும், சில வாரத்தில் மொத்தமாக அழிந்துபோகும். டெஸ்டில் நார்மல் என்று வந்தும் நாத்தனார் கல்யாணத்துக்குப் போனதே நினைவில்லை என்றால், அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

கடையில் நான் அளவு எடுக்கும்போது மெஷின், டிவி எல்லாம் நிறுத்தம். வாடிக்கையாளர் நிற்கும்போதே பில்புக்கில் எழுதி, "கை பத்து இஞ்ச், பின்னாடி கொக்கி, சரியாக்கா?" என்று உரக்கப் படித்துக் காட்டுவேன். அந்தச் சீட்டைத் துணியிலேயே குண்டூசியால் குத்திவிடுவேன். தீபாவளி நெரிசலிலும் இது மாறாது. மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா. "போட்டேனா இல்லையா" என்ற குழப்பத்தில் இரண்டாம் தடவை போடுவதும் தப்பு, விட்டுவிடுவதும் தப்பு. டப்பாவைத் திறந்தால் பதில் தெரிந்துவிடும்.

வல்லாரை கொடு, லேகியம் கொடு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கீரையாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஞாபகசக்தி சிரப் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் குடிக்காதீர்கள். சங்கபுஷ்பி என்ற மூலிகை சேர்ந்த சிரப் ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவந்தது பதிவாகியிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: வலிப்பு நின்றதும் "நான் யாரு சொல்லு, இது என்ன கிழமை" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். தெளிவு வரச் சில நிமிஷமும் ஆகும், சில மணி நேரமும் ஆகும். ஐந்து நிமிஷம் தாண்டியும் இழுப்பு நிற்கவில்லை என்றாலோ, தெளியும் முன் அடுத்தது வந்தாலோ உடனே 108.