பார்கின்சன் நோயும் பயிற்சியும்: வீட்டார் செய்யும் தவறுகள்

பார்கின்சன் நோயாளியின் கை கால் விறைப்பதைப் பார்க்கும் வீட்டார், பயிற்சி என்றால் தசையை இளக்குவது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். காலையில் பத்து நிமிடம் கையை நீட்டி மடக்கியதும் அன்றைய கடமை முடிந்துவிடுகிறது. ஆனால் கோளாறு தசையில் இல்லை. நடுமூளையில், உடல் இயக்கத்தைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடமும் மூளைதான்.

அங்கே போய்ச் சேர எவ்வளவு உழைக்க வேண்டும்? 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயின் தொடக்கத்தில் இருந்த, இன்னும் மருந்து தொடங்காத 128 பேர் பங்கேற்றார்கள். அதிகபட்ச இதயத்துடிப்பில் 80 முதல் 85 சதவீதத்தை எட்டும்படி டிரெட்மில்லில் பயிற்சி செய்தவர்களுக்கு, ஆறு மாதம் கழித்தும் இயக்கக் குறைபாடு ஏறக்குறைய கூடவில்லை. 60 முதல் 65 சதவீதத்தோடு நின்றவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் வீட்டிலேயே சைக்கிள் மிதித்தவர்களையும் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டு, மூளையை ஸ்கேன் செய்தும் பார்த்தார்கள். டோபமின் முதலில் வற்றுவது மூளையின் உட்பகுதியான புட்டமெனின் பின்புறத்தில். சைக்கிள் மிதித்தவர்களுக்கு, அவ்வளவாகப் பாதிக்கப்படாத முன்புறத்துக்கும் இயக்கத்தை ஆளும் மூளைப் புறணிக்கும் (மூளையின் மேலடுக்கு) இடையிலான தொடர்பு வலுப்பட்டிருந்தது. மூளை சுருங்குவதும் குறைந்திருந்தது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி இது. நீட்டி மடக்குவதை விட்டுவிட வேண்டாம், அதோடு நின்றுவிடத்தான் கூடாது.

முதலில் மருத்துவரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை மட்டும் நம்பவும் வேண்டாம். இந்த நோய் இதயத்துடிப்பு போன்றவற்றைத் தானாகவே இயக்கும் தன்னியக்க நரம்புகளையும் பாதிப்பதால், சிலருக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு போதிய அளவு ஏறாது. பேசும்போது சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பது நல்ல அளவுகோல். எழுந்ததும் தலை சுற்றினால் அன்று நின்று செய்யும் பயிற்சி வேண்டாம்.

பயிற்சி பலன் தருகிறதே என்று மாத்திரையைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். கடும் பயிற்சிக்குப் பின் டோபமின் செல்கள் சற்றே தெம்படைந்ததற்கான அறிகுறி 2024இல் ஓர் ஆய்வில் தென்பட்டது உண்மைதான். ஆனால் அதில் ஸ்கேன் ஒப்பிடப்பட்டது 10 பேருக்குத்தான், பயிற்சி செய்யாத குழுவும் இல்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

நடக்கும்போது பேச்சுக் கொடுப்பதும் தவறு. நினைக்காமலே நடக்கும் திறனைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது. ஒவ்வோர் எட்டையும் நினைத்துப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கிறது. பேச்சில் மனம் போனால் கால் இடறும். இரண்டையும் சேர்த்துப் பழக்குவதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

கால் தரையில் ஒட்டியதுபோல் உறைந்து நிற்கும் நேரத்தில் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடல் முன்னே வரும், பாதம் வராது, விழுந்துவிடுவார். நிற்க விடுங்கள். உடல் எடையை இடமும் வலமுமாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு "ஒன்று, இரண்டு" என்று தாளமாக எண்ணுங்கள், அல்லது தாண்டிவைக்கத் தரையில் ஒரு கோட்டைக் காட்டுங்கள்.