டர்போ காருக்கு கோல்ட் ஏர் இன்டேக்: நம்ம டெல்டாவுல மாட்டுறவங்களுக்கு

கோல்ட் ஏர் இன்டேக்னா இன்ஜின் சூடு படாத குளிர்ந்த காத்தை இழுத்துக் கொடுக்குற ஃபில்டர், பைப் செட்டுங்க. வண்டி நல்லா ஆறினதுக்கு அப்புறம் கை வைங்க, டர்போ பக்கம் சூடு சீக்கிரம் இறங்காது. பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டு, எம்ஏஎஃப் சென்சார் (உள்ள போற காத்தை அளக்குறது) கனெக்டர் லாக்கை அமுக்கி மெதுவா உருவுங்க, ஒயரை பிடிச்சு இழுக்கவே கூடாது. பழைய ஏர் பாக்ஸ் (ஃபில்டர் இருக்குற பெட்டி), பைப் எல்லாம் எடுத்ததும் டர்போ வாயை சுத்தமான துணியால மூடிடுங்க, சின்ன நட்டு ஒண்ணு உள்ள விழுந்தா கூட உள்ள சுத்துற கம்ப்ரசர் வீல் காலி. புது பைப் மாட்டுறப்ப துணிய மறக்காம எடுத்துட்டு, சென்சார்ல இருக்குற அம்புக்குறி இன்ஜின் பக்கம் பாக்குதான்னு பாருங்க. கிளாம்பை அளவா டைட் பண்ணுங்க, ரொம்ப முறுக்கினா சிலிக்கான் ஹோஸ் வெட்டுப்பட்டுரும்.

நம்ம பக்கம் ஃபில்டர் எங்க உக்காருதுங்கறதுதான் ரொம்ப முக்கியம். பம்பருக்குள்ள கீழ வர்ற கிட் வேண்டவே வேண்டாம்ங்க, ஐப்பசி கார்த்திகை மழைல திருவாரூர், மன்னார்குடி பக்கம் ரோட்டுல தண்ணி நிக்கும்போது ஃபில்டர் முங்கிச்சுன்னா இன்ஜின் தண்ணிய இழுத்து பிஸ்டனை தாங்குற கனெக்டிங் ராடே வளைஞ்சுரும். ஹீட் ஷீல்டோட (இன்ஜின் சூட்டை தடுக்குற தகடு) மேல உக்கார்றதா பாத்து வாங்குங்க. தை மாசம் சம்பா அறுப்புல வைக்கோல் தூசி பறக்கும், அப்ப ஃபில்டரை அடிக்கடி பாருங்க. ஆயில் தடவுற டைப்னா கம்மியா தடவுங்க, அதிகமானா சென்சார்ல படிஞ்சு செக் இன்ஜின் லைட் எரியும்.

எல்லாம் முடிஞ்சதும் சென்சார் கனெக்டர், பேட்டரி நெகட்டிவ் ரெண்டையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு ஒவ்வொரு ஜாயின்டா கவனிங்க, உஸ்ஸுன்னு சத்தம் வந்தா அந்த கிளாம்பை திரும்ப உக்கார வைங்க.